விசேஷம் ஒன்றுமில்லை

ஏழாவது விதியை எழுதியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் எவரும் வந்து, "அது உங்க கையெழுத்தாச்சே அம்மா" என்று குத்திக்காட்ட வேண்டாம்.

எங்கள் மினேகாவா நகராட்சியின் கல்வி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ஹயாமா சட்சுகி. முதுகுக்குப் பின்னால் என்னை 'ஊறுகாய்க் கல்' என்பார்கள். தொட்டியில் கீரை ஊறும்போது அமுக்குவதற்கு மேலே ஒரு பாறாங்கல்லை வைப்போமே, அது. அசையாது, அமுக்கும். அந்தப் பெயரில் எனக்குக் கோபமில்லை. முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாதவர்கள் மேல்தான் கோபம்.

என் பொறுப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போதும் மதியம் திரும்பும்போதும் சாலையைத் தாண்ட உதவும் காவலர்கள். பச்சைத் தொப்பி போட்டிருப்பதால் பிள்ளைகளுக்கு அவர்கள் 'பச்சை அத்தை'. எனக்கு அவர்கள் ஒன்பது கோப்புகள். பணி ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஒரே வருடம். தொடர வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல். காலை ஏழேகாலிலிருந்து எட்டரை, மதியம் இரண்டிலிருந்து நாலு. பள்ளி விடுமுறை என்றால் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. தொப்பி, மஞ்சள் கொடி, மழைக்கோட்டு நகராட்சி தரும். பனியில் போடுகிற பூட்ஸ் அவரவர் பாடு.

ஏழாவது விதி இதுதான்: 'காவலர் சாலையோரத்திலேயே நிற்க வேண்டும். பிள்ளைகளை நிறுத்தலாம். சாலையில் இறங்கவோ வண்டிகளை நிறுத்தவோ அவருக்கு அதிகாரம் இல்லை.' வண்டியை நிறுத்துவது போலீஸ் வேலை. ஒரு பச்சை அத்தை கையைக் காட்டி, முன்னால் போன கார் நின்று, பின்னால் வந்தவன் இடித்துவிட்டால் எல்லாம் நகராட்சியின் தலையில்தான் விடியும். அதை யோசித்து எழுதிய விதி. எழுதிய அன்று எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஜனவரி கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் ஒகாபே என் மேஜைக்கு வந்தார். மனிதர் கெட்டவரில்லை. ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஹயாமா அம்மா, ஏப்ரல்லேருந்து ஒன்பதுல ரெண்டு இடத்தைக் குறைக்கணுமாம். பத்தாம் தேதிக்குள்ள எந்த ரெண்டுன்னு எழுதிக் குடுங்க."

"எதை வச்சுக் குறைக்கிறது தலைவரே? சீட்டுக் குலுக்கவா?"

"பதிவேட்டைப் பாருங்க. மூணு வருஷத்துக்குள்ள ஏதாச்சும் சம்பவம் பதிவான இடத்தைத் தொடக் கூடாது. ஒண்ணுமே நடக்காத இடமா பார்த்து எடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஒன்பது பேரின் பதிவேடுகளையும் வரவழைத்தேன். தினமும் தேதி, வானிலை, தாண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஒருவர் 'சிவப்புக் கார் நிற்காமல் போனது' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'பையன் வழுக்கி விழுந்தான், முழங்காலில் ரத்தம்' என்று எழுதியிருந்தார். சரி, அந்த இடங்களைத் தொட முடியாது.

ஷிமோகாவரா சாலைக் கடவையின் பதிவேட்டைத் திறந்தேன். அங்கே நிற்பவர் உசுயி தோமிகோ, அறுபத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக, வருடா வருடம் விண்ணப்பம் போட்டு, அதே இடத்தில் நிற்கிறார். குறிப்புக் கட்டத்தில் வட்ட வட்டமான எழுத்தில், 'விசேஷம் ஒன்றுமில்லை'. அடுத்த நாளும் 'விசேஷம் ஒன்றுமில்லை'. பக்கத்தைப் புரட்டினேன். பழைய பதிவேடுகளை அலமாரியிலிருந்து இறக்கினேன். பத்தொன்பது வருடம், மூவாயிரத்து எண்ணூறு நாள், ஒரே வரி.

அம்மணி கொடியைப் பிடித்துக்கொண்டு வெயில் காய்கிறார் என்று நினைத்தேன். பட்டியலில் முதல் பெயராக ஷிமோகாவராவை எழுதினேன். 'அடுத்த ஆண்டு பணி நீட்டிப்பு இல்லை' என்று அவருக்கு ஒரு கடிதமும் அடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். முத்திரை குத்தி அனுப்புவதுதான் பாக்கி.

அடுத்த திங்கள் மதியம் அந்த அம்மாவே போன் பண்ணினார். குரல் கரகரத்தது.

"ஹயாமா அம்மாங்களா? மன்னிச்சுக்கணும், காய்ச்சல் வந்துருச்சு. டாக்டர் அஞ்சு நாள் வெளிய தலைகாட்டக் கூடாதுன்னுட்டார். பெரிய தொந்தரவு குடுத்துட்டேன்."

"காய்ச்சல் வர்றதுக்கு எதுக்குங்க மன்னிப்பு? வேற ஆளைப் பார்த்துக்கிறேன்."

வேறு ஆள் எங்கே? மாற்றுக் காவலர்கள் இரண்டு பேருக்கும் அதே காய்ச்சல். 'மாற்று இல்லாதபோது பொறுப்பு அலுவலர் நிற்க வேண்டும்' என்பது பன்னிரண்டாம் விதி. அதையும் நான்தான் எழுதினேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மாவா?

"நாளைக்கு நானே நிக்கிறேன்" என்றேன்.

"ஐயோ, நீங்களா! அப்போ ஒண்ணு ரெண்டு சொல்லட்டுங்களா? ஏழு நாப்பதுக்கு ஒரு வெள்ளிக் கலர் கார் வரும். அதை ஓட்டுற பொண்ணு இடப்பக்கம் மட்டும்தான் பார்க்கும். அவ முகம் நம்ம பக்கம் திரும்புற வரைக்கும் பிள்ளைங்களை விடாதீங்க. பால் வண்டிக்குப் பின்னால ஒரு சைக்கிள்காரர் ஒளிஞ்சு வருவார். அப்புறம் சூரியன். இந்த வாரம் ஏழு நாப்பத்தெட்டுக்கு மலைக்கு மேல வரும். ஆறு நிமிஷம் நேரா கண்ணுல அடிக்கும். மேற்கேருந்து இறங்குற ஜல்லி லாரிக்காரங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த ஆறு நிமிஷம் யாரையும் இறக்காதீங்க. பனி உருகி உறைஞ்சா வடக்கு ஓரத்துல..."

நான் எழுதிக்கொண்டே வந்தேன். காகிதத்தின் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"உசுயி அம்மா, இதையெல்லாம் ஏன் பதிவேட்டுல எழுதல?"

"எதைங்க?"

"இந்தச் சூரியன், வெள்ளிக் கார், சைக்கிள்."

"அதுல எழுத என்ன இருக்கு? ஒண்ணும் நடக்கலையே." கேட்ட கேள்வியே அவருக்குப் புரியவில்லை. பிறகு, "கடைசிக் குழுவுல கோனட்சுன்னு ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு வரும். ரொம்ப மரியாதையான பொண்ணு. அவ பையை மட்டும் ஒரு தடவை..." என்று ஆரம்பித்து, இருமல் வந்து திணறினார்.

"சரி சரி, படுத்துக்குங்க. நான் பார்த்துக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். மரியாதையான பிள்ளையிடம் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

செவ்வாய்க் காலை பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. சாம்பல் நிறக் கோட்டுக்கு மேலே பச்சைத் தொப்பியை வைத்துக்கொண்டு, விதிப்படி சாலையோரத்தில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் கால் விரல்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டது. முதல் குழு வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஆறாம் வகுப்பு ஃபூகா, குழுத் தலைவி. ஒரு நீதிபதியைப் போல என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"நகராட்சி."

"எங்க பச்சை அத்தை எங்க?"

"காய்ச்சல்."

"அப்போ நீங்க சாம்பல் அத்தையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் சாம்பல் அத்தை.

வெள்ளிக் கார் வந்தது. சரியாக ஏழு நாற்பது. ஓட்டிய பெண் இடப்பக்கம் மட்டும் பார்த்தாள். அவள் முகம் திரும்பிய பிறகுதான் பிள்ளைகளை விட்டேன். பால் வண்டி போனது, பின்னாலிருந்து சைக்கிள்காரர் முளைத்தார். என் முதுகு சில்லென்றது, குளிரால் இல்லை. அந்த அம்மா படுக்கையில் இருமிக்கொண்டு சொன்னது ஒவ்வொன்றும் என் கண்முன்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

ஏழு நாற்பத்தேழுக்கு இன்னொரு கூட்டம் சேர்ந்தது. சாலை காலியாக இருந்தது. கொடியைத் தூக்கப் போனேன்.

"சாம்பல் அத்தை, இப்போ கூடாது" என்றாள் ஒரு சின்னப் பெண், ஏதோ கடையில் மீதிச் சில்லறை சரியில்லை என்று சொல்வது போல. "சூரியன் வருது."

சூரியன் வந்தது. கிழக்கு மலையின் விளிம்பில் ஒரு பொறி தெரிந்ததுதான் தெரியும், சாலை முழுக்க வெள்ளையாகிவிட்டது. மேற்கிலிருந்து இறங்கிய லாரியின் முன் கண்ணாடி ஒரே ஒளித் தகடு. உள்ளே இருப்பவன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டினான். அவனுக்கு நாங்கள் யாருமே இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. நாற்பத்தொன்பது வருடமாக இதே சூரியனின் கீழ் நடமாடுகிறேன். அது இப்படி ஒரு ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் பனித் திட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"ஷ்ஷ்" என்றான் ஒருவன். "ஜல்லி லாரி. லோடு இல்ல."

லாரி கடந்தது. உண்மையிலேயே காலி.

"அடுத்தது லோடு" என்றது இன்னொன்று. "சக்கரத்துல பனிச் சங்கிலி கட்டியிருக்கு. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருக்கு."

அதுவும் சரி! வண்டி கண்ணில் படும் முன்னாலேயே, காதை வைத்தே சொல்கிறார்கள். அந்த ஆறு நிமிடத்தைப் பிள்ளைகள் பொறுமையாகக் கழிப்பதற்கு பச்சை அத்தை கண்டுபிடித்த விளையாட்டாம் அது. கண் உதவாத நேரத்தில் காதால் சாலையைப் பார்க்கிற பிள்ளைகள்! அடேயப்பா என்று வாய்விட்டே சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் எந்தச் சுற்றறிக்கையாலும் நான் ஒரு பிள்ளையை ஆறு நிமிடம் அசையாமல் நிறுத்தியதில்லை.

சூரியன் கண்மட்டத்துக்கு மேலே ஏறியது. பிள்ளைகள் கையை உயர்த்திக்கொண்டு தாண்டினார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், எங்கள் ஊர் வழக்கப்படி, நின்ற வண்டிகளைப் பார்த்துத் திரும்பி ஒன்றாகக் குனிந்து வணங்கினார்கள். ஓட்டுநர்களும் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

அலுவலகம் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில் எழுத ஆரம்பித்து, அது நிரம்பி, பின்பக்கமும் போனேன். ஒரே ஒரு காலை அது! அதைப் போல மூவாயிரத்து எண்ணூறு காலைகளை அந்த அம்மா இரண்டே சொல்லில் மடித்து வைத்திருக்கிறார். இழுப்பறையில் இருந்த கடிதத்தின் ஞாபகம் வந்தது. ஆனால் என்ன செய்ய? நான் எழுதிய இரண்டு பக்கத்திலும் 'சம்பவம்' என்று ஒன்றும் இல்லை. யாரும் விழவில்லை, எதுவும் மோதவில்லை. விதிப்படி ஷிமோகாவரா இன்னமும் ஒன்றும் நடக்காத இடம்தான்.

புதன்கிழமை கடைசிக் குழுவில் கோனட்சுவைக் கவனித்தேன். மஞ்சள் தொப்பிக்குக் கீழே பாதி முகம், முதுகில் அவளைவிடப் பெரிய சிவப்புத் தோல்பை. மற்றவர்கள் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகு வணங்குவார்கள். இவளுக்கு அதுவரை பொறுக்காது. நடுச் சாலையிலேயே நின்று திரும்பி, நின்ற காருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு வினாடி. எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன அழகு என்று ரசித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது இப்போது.

வியாழக்கிழமை ஃபூகாவின் குழுவும் தாமதமாகி, கடைசிக் குழுவோடு சேர்ந்து ஏழு நாற்பத்தைந்துக்கு வந்தது. சூரியனுக்கு இன்னும் மூன்று நிமிடம். அருகிலிருந்த பாதையில் முள்ளங்கி ஏற்றிய தன் சின்ன லாரியை ஒரு தாத்தா நிறுத்தி வழிவிட்டார். எதிர்ப் பாதை வளைவுவரை காலி. நான் ஓரத்தில் நின்றபடி கொடியைத் தூக்கினேன். ஃபூகா முன்னால் போனாள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கடைசியில் கோனட்சு.

நடுக்கோட்டைத் தாண்டி ஓர் அடி வைத்து, நின்று, திரும்பினாள். முள்ளங்கித் தாத்தாவுக்கு வணக்கம் போட்டாள். அன்றைக்கு என்ன பிரியமோ, ரொம்பத் தாழக் குனிந்தாள். பையின் பூட்டு போடப்படவில்லை. மூடி அவள் தலைக்கு மேலே திறந்து விழுந்து, புத்தகம், பென்சில் டப்பா, நோட்டு எல்லாம் சரசரவென்று சாலையில் கொட்டின. அவள் அப்படியே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"லாரி! லோடு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஃபூகா கத்தினாள்.

எனக்கு முன்னால் அவள் காதுக்குத்தான் கேட்டிருக்கிறது. வளைவிலிருந்து ஜல்லி லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் அந்தப் பாழாய்ப்போன சூரியன் இரண்டு நிமிடம் முந்திக்கொண்டு மலைமேல் வந்தது. லாரியின் முன் கண்ணாடி வெள்ளையானது.

ஏழாவது விதி எனக்கு மனப்பாடம். நான் எழுதியது. அந்த நேரத்தில் அதன் ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. சாலையில் இறங்கி ஓடினேன். கோனட்சுவையும் தாண்டி ஓடி, லாரிக்கு எதிரே நின்று, இரண்டு கையையும் கொடியையும் தூக்கினேன். "நில்லு! நில்லுடா!" என்று கத்தினேன். சங்கிலி கட்டிய சக்கரங்கள் கறகறவென்று பனியைக் கிழித்தன. லாரி ஒரு பக்கமாக வழுக்கி, நிமிர்ந்து, நின்றது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம்.

எங்கும் சத்தமே இல்லை. ஓட்டுநர் இறங்கினார், இளைஞன்தான், முகத்தில் ரத்தமே இல்லை. "தெரியலைங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோனட்சு புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். லாரியும் நின்றிருப்பதைப் பார்த்தாள். அதற்கும் ஒரு வணக்கம் போட்டாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஃபூகாவிடம் கொடுத்துவிட்டு, பனித் திட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முள்ளங்கித் தாத்தா வந்து என் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, நீ புதுசா?"

"ஆமாங்க."

"அந்த அம்மா நடுக்கோட்டுல வந்து நிப்பாங்களே. நீ ஏன் ஓரத்துலயே நின்ன?"

நான் பச்சைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

மதியம் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு உசுயி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் வீடு என்பதால் உள்ளே விடவில்லை. நான் தோட்டத்துப் பனியில் நின்றேன், அவர் முகமூடியோடு ஜன்னலைத் திறந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, கல்லு."

அவர் மூச்சு விட்டார். "அந்தப் பூட்டு வாரத்துல ரெண்டு நாளாச்சும் திறந்தே கிடக்கும். இறக்குறதுக்கு முன்னால கொடியை இடக்கைக்கு மாத்திட்டு, வலக்கையால பையை ஒரு தட்டுத் தட்டுவேன். 'டக்'குன்னு சத்தம் வந்தாத்தான் விடுவேன். போன்ல சொல்ல வந்தேன், பாழாப்போன இருமல் வந்துருச்சு. மன்னிச்சுக்குங்க."

"இருமல் இல்லம்மா. நான்தான் போனை வச்சுட்டேன்" என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. "நடு ரோட்டுல குனியாதேன்னு அவளை ஒரு அதட்டு அதட்டக் கூடாதா?"

"அதட்டினா நடுவுல குனியறது நின்னுரும். குனியறதே நின்னுரும். செப்டம்பர்ல ஒரு தடவை தாண்டுறதுக்குள்ள அஞ்சு தடவை குனிவா. இப்போ ஒண்ணுதான். மார்ச்சுக்குள்ள அந்தக் கரைக்குப் போய்க் குனிய ஆரம்பிச்சுருவா, பாருங்க. அதுவரைக்கும் நான் நடுக்கோட்டுல போய் நிக்கிறேன், அவ்வளவுதான்."

"சாலையில இறங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"தெரியுங்க. வண்டியை நான் நிறுத்தல. நான் நிப்பேன், அவங்களா நிறுத்துவாங்க." கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் மன்னிச்சுக்குங்க. பத்தொம்பது வருஷத்துக்கும் சேர்த்து."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அவர் இடத்தை ஏப்ரலில் எடுக்கப் பட்டியல் போட்டதை, கடிதம் அடித்து வைத்திருப்பதை, சம்பவமே இல்லாததால்தான் எடுக்கிறோம் என்பதைச் சொன்னேன்.

"அப்போ ஏப்ரல்லேருந்து அங்க யாரு நிப்பாங்க?"

"யாரும் இல்ல."

"கோனட்சு இன்னும் அஞ்சு வருஷம் அந்த ரோட்டைத் தாண்டணுமே" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னைக்கு நடந்தது சம்பவம்தாங்க. நான் எழுதினா உங்க இடத்தைத் தொட முடியாது."

"எழுதாதீங்க!" என்றார் பதறி. "விதியை மீறினீங்கன்னு உங்க மேலதான் வரும். பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. 'விசேஷம் ஒன்றுமில்லை'ன்னு எழுதிடுங்க. எனக்காக நீங்க கெட்ட பேர் வாங்க வேண்டாம்."

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஆரஞ்சுப் பையைக் கொடுக்க மறந்து, பாதி வழியிலிருந்து மறுபடி போய்க் கொடுத்தேன்.

அலுவலகத்தில் பேனாவை எடுத்து எழுதினேன். 'காலை 7.46. காவல் பொறுப்பில் நின்ற அலுவலர் ஹயாமா சட்சுகி, கடைசிக் குழந்தையின் பைப் பூட்டைச் சரிபார்க்கத் தவறினார். நடுக்கோட்டில் நிற்கத் தவறினார். சூரியன் கண்ணை மறைக்கும் நேரத்தைக் கணிக்கத் தவறினார். குழந்தை சாலை நடுவே இருக்கும்போது லாரி வந்தது. ஏழாவது விதியை மீறி, அலுவலர் சாலையில் இறங்கி வண்டியை நிறுத்தினார். குழந்தையிடம் தவறில்லை. ஓட்டுநரிடம் தவறில்லை.' என் முத்திரையைக் குத்தி, ஒகாபேயின் மேஜையில் வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன அம்மா இது? உங்க மேல நீங்களே சேத்தை வாரிப் பூசிக்கிட்டு! எச்சரிக்கைக் கடிதம் வரும். இந்த வருஷ மதிப்பீடு போச்சு. யாருக்கும் அடிபடல, யாரும் புகார் குடுக்கல. 'விசேஷம் ஒன்றுமில்லை'ன்னு எழுதியிருந்தா முடிஞ்சு போச்சே."

"அதைத்தான் தலைவரே ஒருத்தங்க பத்தொம்பது வருஷமா எழுதிட்டு இருக்காங்க" என்றேன். "நாம அதைப் படிச்சுட்டு அவங்களை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தோம்."

ஒகாபே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டியலை என் பக்கம் தள்ளினார். ஷிமோகாவரா மேல் நானே குறுக்குக் கோடு போட்டேன். கடைசியில் இரண்டுக்குப் பதில் ஒரே இடம்தான் போனது, புதிதாக சிக்னல் விளக்கு வந்த இடம். அங்கே நின்றவரை மாற்றுக் காவலராக வைத்துக்கொண்டோம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை, அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தின் மேலே போட்டு இழுப்பறையைப் பூட்டினேன். ஏழாவது விதியை மாற்ற மூன்று கூட்டம் நடந்தது. 'தேவைப்பட்டால் காவலர் நடுக்கோடுவரை செல்லலாம்' என்று ஒரு வரி சேர்ந்தது. அதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

உசுயி அம்மா அடுத்த திங்கள் வேலைக்குத் திரும்பினார். அன்று காலை வேண்டுமென்றே அந்த வழியாகப் பேருந்தில் போனேன். ஜன்னலிலிருந்து பார்த்தேன். நடுக்கோட்டில் பச்சைத் தொப்பி. பக்கத்தில் மஞ்சள் தொப்பி ஒன்று தாழக் குனிந்து நிமிர்ந்தது. பையின் மூடி அசையவில்லை. எங்கள் பேருந்து ஓட்டுநர் தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். பேருந்தில் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் பதிவேடு என் மேஜைக்கு வந்தது. தேதி, வானிலை, முப்பத்தொரு பிள்ளைகள். குறிப்புக் கட்டத்தில், அதே வட்ட எழுத்தில், 'விசேஷம் ஒன்றுமில்லை'.

நான் எழுந்து நின்று முத்திரை குத்தினேன்.